ஃபியூச்சராமா "த பிரிசனர் ஆஃப் பெண்டா": 13 மாத்தல் தேவையா, 9 போதுமா?

#1 மூடுபனி
எபிசோட் பார்க்காதவங்க இங்கயே திரும்பிடுங்க, முடிவு வரைக்கும் பேசப் போறோம். ஃபியூச்சராமாங்கிற அமெரிக்கக் கார்ட்டூன் தொடர்ல 6-ஆவது சீசன், 10-ஆவது எபிசோட். 2010 ஆகஸ்ட் 19-ல கொமடி சென்ட்ரல்ல முதல்ல ஓடுனது. எழுதுனவர் கென் கீலர், ஹாவர்ட்ல பிரயோக கணிதத்துல கலாநிதிப் பட்டம் எடுத்த மனுசன். இந்த எபிசோடுக்காக 2011-ல அமெரிக்க எழுத்தாளர் சங்க விருதும் வாங்கினாரு.

பேராசிரியரும் ஏமியும் ஒரு மெஷின் செய்றாங்க. ரெண்டு பேர் உக்காந்தா மனசு இடம் மாறும். ஆனா ஒருக்கா மாறின அதே சோடி மறுபடி மாற முடியாது, மூளையே எதிர்த்துத் தள்ளிடும். இந்த ஒத்தை விதியை வச்சு 9 பேரைக் கலக்கி எடுத்துட்டு, கடைசில ஸ்வீட் கிளைட், பபிள்கம் டேட்னு ரெண்டு குளோப்ட்ரொட்டர் (கூடைப்பந்துக்காரங்க) வந்து கரும்பலகையில நிரூபணம் எழுதி 13 மாத்தல்ல எல்லாரையும் வீட்டுக்கு அனுப்புறாங்க. அந்த நிரூபணம் சும்மா கிறுக்கல் இல்ல, அந்தக் கதைக்குன்னே செய்த உண்மையான தேற்றம்.

எனக்கு இது சீசன்லயே சிறந்த எபிசோட். நீங்க சொல்லுங்க.

#2 டின்கப்
சிரிப்புக்கு 10/10. தரை கழுவுற ரோபோ வாளி ஏமி உடம்புல ஏறி துப்புரவாளர் ஸ்க்ரஃபிகிட்ட காதலைச் சொல்ற சீன் ஒண்ணே போதும். ஆனா கடைசி ஒரு நிமிசத்துல சடசடன்னு மாத்தி முடிச்சிடுறாங்க, யாரு யாரோட மாறினாங்கன்னு ஒரு மண்ணும் விளங்கல.

பேரு விளையாட்டையும் கவனிச்சீங்களா? "பிரிசனர் ஆஃப் செண்டா", மன்னனும் அவனை மாதிரியே இருக்கிற ஆளும் இடம் மாறுற கதை. நம்ம ஆளுக அதே மூலத்துல இருந்து 1958-லயே "நாடோடி மன்னன்" எடுத்துட்டாங்க. எடுத்தவரும் இலங்கையில பிறந்தவருதான், கண்டிப் பக்கம். நம்ம ரோபோ பெண்டர், ரோபோ-ஹங்கேரி கிரீடத்துக்கு ஆசைப்படுற கதையை அதோட வச்சுப் பாருங்க.

#3 சைபர்_கங்காணி
டின்கப் தம்பி, பேரேடு இந்தா. நிப்பாட்டி நிப்பாட்டிப் பார்த்து எழுதினது. எல்லாமே உடம்புப் பேரு, மனசுப் பேரு இல்ல:

1. பேராசிரியர் – ஏமி
2. ஏமி – பெண்டர்
3. பேராசிரியர் – லீலா
4. ஏமி – வாளி
5. ஃப்ரை – சொய்ட்பேர்க்
6. வாளி – சக்கரவர்த்தி நிக்கொலாய் (ரோபோ-ஹங்கேரி)
7. ஹெர்மீஸ் – லீலா

முடிஞ்ச பிறகு நிலைமை: பேராசிரியர் உடம்புல லீலா. லீலா உடம்புல ஹெர்மீஸ். ஹெர்மீஸ் உடம்புல ஏமி. ஏமி உடம்புல வாளி. வாளிக்குள்ள சக்கரவர்த்தி. சக்கரவர்த்தி உடம்புல பெண்டர். பெண்டர் உடம்புல பேராசிரியர். தனியா ஃப்ரையும் சொய்ட்பேர்க்கும் ஒருத்தருக்குள்ள ஒருத்தர்.

அதாவது 7 பேர் கொண்ட ஒரு வளையம், 2 பேர் கொண்ட ஒரு வளையம். இனி யாரு எதைப் பேசினாலும் இந்தப் பேரேட்டை வச்சுப் பேசுங்க.

#4 பதுளை_ரோபோ
இதுக்கு எதுக்குங்க ரெண்டு வெளியாளு? ஒரு ஆளு போதாதா? ஃப்ரை – சொய்ட்பேர்க்கை மட்டும் எடுத்துக்குவோம். நடுவுல ஒருத்தர் நின்னு அங்கிட்டு இங்கிட்டு மாத்தி விட்டா முடிஞ்சு போச்சே.

#5 ஊவா_டீச்சர்
போதாது. எண்ணிப் பாருங்கள்.

மூன்று உடம்பு என்றால் மொத்தமே 3 சோடிதான். ஃப்ரை – சொய்ட்பேர்க் ஏற்கனவே தீர்ந்துவிட்டது. மிச்சம் 2. இங்கே ஒற்றை இரட்டைக் கணக்கு ஒன்று இருக்கிறது: ஒவ்வொரு மாத்தலும் ஒழுங்கின்மையை ஒற்றையிலிருந்து இரட்டைக்கோ இரட்டையிலிருந்து ஒற்றைக்கோ தள்ளும். 1 தடவை குழப்பியதை ஒற்றை எண்ணிக்கையில்தான் தீர்க்க முடியும். கையில் இருப்பது 2 மாத்தல். ஒன்று மட்டும் செய்தால் தீராது, இரண்டும் செய்தால் இரட்டையாகிவிடும்.

இரண்டு வெளியாள் வந்தால் 4 உடம்பு, 6 சோடி. ஒன்று போக 5. அந்த ஐந்தையும் செலவழித்தால் நால்வரும் சரியாக வீடு போய்ச் சேருகிறார்கள், ஒரு சோடிகூட மிச்சமில்லாமல். உயர்தர இணைந்த கணிதம் படிக்கிற பிள்ளைகள் வரிசைமாற்றமும் சேர்மானமும் முடித்த கையோடு இதைத் தாளில் போட்டுப் பார்க்கலாம். பாடத்திட்டத்தில் இல்லாத பகுதிதான், ஆனால் கை விரலே போதும்.

#6 பதுளை_ரோபோ
சரிங்க மிஸ், ஏத்துக்கிறேன். ஆனா 7 பேர் வளையத்துக்கு அந்த ரெண்டு பேரு என்னத்த செய்றாங்க? கரும்பலகையைப் பார்த்தா தலை சுத்துது.

#7 சைபர்_கங்காணி
கரும்பலகையை விடுங்க. மடுவத்துல 9 பேர் கூடை மாறிப் போச்சுன்னு வைங்க. ஒவ்வொருத்தர் கையிலயும் வேற யாரோட கூடையோ இருக்கு. கொழுந்து நிறுக்க முன்னாடி அவங்கவங்க கூடை அவங்கவங்ககிட்ட வந்தாகணும். விதி: ஒரு சோடி ஒருக்காத்தான் கை மாத்தலாம்.

வெளியாள் செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணு: உன் கையில இருக்கிற கூடை யாரோடதோ, அவங்ககிட்ட போ. போய் மாத்தினா அவங்க கூடை அவங்களுக்கு, அவங்க கையில இருந்தது உனக்கு. அடுத்த ஆளுகிட்ட போ.

எபிசோட்ல ஸ்வீட் கிளைட் முதல்ல பேராசிரியரோட மாறுறாரு, லீலா மனசு அவர்கிட்ட வருது. அப்போ லீலா உடம்புகிட்ட போறாரு. ஹெர்மீஸ் மனசு வருது, ஹெர்மீஸ்கிட்ட போறாரு. இப்படியே.

சிக்கல் கடைசிலதான். அவர் மட்டும் சுத்தி வந்தா 7 மாத்தல் முடிஞ்சதும் கையில பேராசிரியர் மனசு இருக்கும். பேராசிரியர் உடம்புகிட்ட போகணும். ஆனா அந்தச் சோடிதான் முதல் மாத்தல்லயே தீர்ந்து போச்சே! அதுக்குத்தான் ரெண்டாவது ஆள். பபிள்கம் டேட் நடுவுல இருக்கிற வாளியைப் பிடிச்சுத் தொடங்குறாரு. அவரும் அதே விதிதான்: சக்கரவர்த்தி, பெண்டர்னு வந்து கடைசில பேராசிரியரை முடிச்சு வைக்கிறாரு. கிளைட் கடைசில வாளியை முடிச்சு வைக்கிறாரு. ஒருத்தர் தொடங்கின இடத்தை மத்தவர் மூடுறாரு, அவ்வளவுதான் தந்திரம்.

கணக்கு: 5 பேருக்கு ஒவ்வொரு தடவை, பேராசிரியருக்கும் வாளிக்கும் ரெண்டு ரெண்டு தடவை. 5 + 4 = 9. ஃப்ரை – சொய்ட்பேர்க் வளையத்துக்கு ரெண்டு பேருக்கும் ரெண்டு ரெண்டு, 4. மொத்தம் 13.

#8 கொட்டகலைக்காரன்
ஒரு எச்சரிக்கை. ரெண்டாவது ஆள் முந்தணும். கிளைட் வாளிகிட்ட போய்ச் சேர்றதுக்கு முன்னாடி டேட் வாளியைப் பிடிச்சிருக்கணும். பிந்திப் போனா கிளைட் வளையம் முழுக்கச் சுத்திட்டு பேராசிரியர்கிட்ட முட்டி நிப்பாரு, பேப்பர்ல முதல்ல இருந்து அழிச்சுப் போட வேண்டியதுதான். வாளியேதான் வேணும்னு இல்ல. பேராசிரியரைத் தவிர வேற யாரைப் பிடிச்சுத் தொடங்கினாலும் சரி வரும், எண்ணிக்கை மாறாது.

இன்னொண்ணு. ஒரு வளையம் முடிஞ்சா வெளியாளுக ரெண்டு பேரும் தங்களுக்குள்ள மாறிப் போய் நிப்பாங்க. முதல் ஆள் மனசைத் தொடங்கின இடத்துல வச்சிட்டுப் போனாரில்லையா, அதை எடுக்கிறது ரெண்டாவது ஆளு. ரெண்டு வளையம்னா ரெண்டு தடவை மாறி பழையபடி ஆயிடுவாங்க. வளையங்களோட எண்ணிக்கை ஒற்றைப்படையா இருந்தா கடைசில ரெண்டு பேரும் நேரா ஒரு தடவை மாறிக்கணும். அதுவரைக்கும் அவங்க நேரா மாறாததால அந்தச் சோடி புதுசாவே இருக்கும்.

#9 லயத்து_விஞ்ஞானி
அப்ப ஒரு கேள்வி. கொட்டகலை அண்ணன் கடைசியாச் சொன்னதைத் திரும்பப் படிங்க. ஒரு வளையத்தைத் தீர்த்தா வெளியாளுக ரெண்டு பேரும் மாறிப் போறாங்க. ஃப்ரையும் சொய்ட்பேர்க்கும் ஏற்கனவே மாறித்தான் இருக்காங்க. மத்த 7 பேரோட அவங்க ரெண்டு பேரும் ஒருக்காகூட மாறல.

அப்படின்னா அவங்களையே வெளியாளா வச்சுக்கலாமே? 7 பேரும் வீடு போவாங்க, இவங்க ரெண்டு பேரும் அந்தப் போக்குலயே சரியாயிடுவாங்க. குளோப்ட்ரொட்டர்களே வேண்டாம். 9 மாத்தல் போதும்:

1. பேராசிரியர் – ஃப்ரை
2. வாளி – சொய்ட்பேர்க்
3. லீலா – ஃப்ரை
4. சக்கரவர்த்தி – சொய்ட்பேர்க்
5. ஹெர்மீஸ் – ஃப்ரை
6. பெண்டர் – சொய்ட்பேர்க்
7. ஏமி – ஃப்ரை
8. பேராசிரியர் – சொய்ட்பேர்க்
9. வாளி – ஃப்ரை

#10 டின்கப்
தப்பு. போட்டுப் பார்த்தேன், 3-ஆவது படியிலயே மாட்டிக்கிச்சு. லீலா ஃப்ரைக்குள்ளயே இருக்கா, எப்படி ஃப்ரையோட மாத்துறது?

#11 சைபர்_கங்காணி
தம்பி, மேல என்ன எழுதினேன்? உடம்புப் பேரு! முதல் படியில லீலா *மனசு* ஃப்ரை உடம்புக்குள்ள வந்துடுது, அது சரிதான். 3-ல மாத்த வேண்டியது லீலாவோட *உடம்பு*. மனசைத் தேடிப் போனா ஃப்ரையை ஃப்ரையோடயே உக்கார வைக்க வேண்டி வரும்.

மனக்கணக்கா போடாதீங்க. 9 கோப்பை எடுத்து வெளிப்பக்கம் பேரு ஒட்டுங்க, அது உடம்பு. 9 துண்டுக் கடதாசியில அதே பேரை எழுதி உள்ளுக்குப் போடுங்க, அது மனசு. கோப்பையை நகர்த்தவே கூடாது, துண்டை மட்டும் மாத்துங்க. ஒவ்வொரு படிக்கும் பக்கத்துல சோடியைக் குறிச்சு வைங்க, ஒரே சோடி ரெண்டு தடவை வந்தா அங்கயே பிழை. ப்ளேன்டி ஆற முன்னாடி முடிஞ்சிடும்.

#12 டின்கப்
கோப்பை வச்சுச் செய்தேன். வந்துருச்சு! 9 பேரும் வீட்டுல. வாபஸ் வாங்கிக்கிறேன் அண்ணே.

ஆனா இதுல உள்ள கூத்தைப் பாருங்க. 2-ஆவது படியில ஃப்ரையோட மனசு வாளிக்குள்ள விழுது. அங்கயே கிடந்து கடைசி 9-ஆவது படியிலதான் வெளிய வருது. அதோட லீலா மனசு கொஞ்ச நேரம் ஃப்ரை உடம்புல. அழகு முக்கியமா மனசு முக்கியமான்னு ரெண்டு பேரும் முழு எபிசோடும் சண்டை பிடிச்சதுக்கு, காதலி காதலன் உடம்புக்குள்ள நிக்க, காதலன் தரை கழுவுற வாளிக்குள்ள நின்னா எப்படி இருந்திருக்கும்! எழுத்தாளர்கள் தவற விட்ட ஜோக்.

#13 மூடுபனி
அப்ப இது கதையில ஓட்டைதானே? பேராசிரியருக்குத் தெரிஞ்சிருக்க வேண்டாமா? சும்மா ரெண்டு கூடைப்பந்துக்காரங்களைக் கூப்பிட்டு 4 மாத்தல் வீணாக்கியிருக்காங்க.

#14 ஊவா_டீச்சர்
ஓட்டை இல்லை. கரும்பலகையில் இருப்பது *எந்தக்* குழப்பத்துக்கும் பொருந்துகிற வழி. யார் யாரோடு மாறினார்கள் என்ற வரலாறே தெரியாவிட்டாலும் அது வேலை செய்யும், ஏனென்றால் ஒவ்வொரு மாத்தலிலும் ஒரு புது ஆள் இருக்கிறார். புது ஆளோடு யாரும் முன்பு மாறியிருக்க முடியாது. லயத்து_விஞ்ஞானி சொல்வது இந்தக் குழப்பத்துக்கு மட்டும் பொருந்தும், சைபர்_கங்காணியின் பேரேடு கையில் இருப்பதால் மட்டும்.

கீலரின் வழிக்கு ஆகும் எண்ணிக்கை: ஆட்களின் தொகை, அதோடு வளையத்துக்கு 2. வளையங்கள் ஒற்றைப்படை என்றால் மேலும் 1. பிறகு ரொன் எவன்ஸ், லிஹுவா ஹுவாங், துவான் நுயென் மூவரும் 2014-இல் அமெரிக்கன் மெதமட்டிகல் மன்த்லியில் இதைச் சுருக்கினார்கள்: ஆட்கள் + வளையங்கள் + 2. எபிசோடுக்கு இரண்டுமே 13 தான் (9 + 4, 9 + 2 + 2). அதே 9 பேர் 3 வளையமாக இருந்தால் கீலருக்கு 16, இவர்களுக்கு 14.

#15 கொட்டகலைக்காரன்
9-ஐ விடக் குறைக்க முடியுமா மிஸ்?

#16 ஊவா_டீச்சர்
முடியாது. எல்லோரும் வீட்டில் இருந்தால் 9 தனி வளையம் (ஒவ்வொருவரும் தனக்குத் தானே). இப்போது இருப்பது 2. ஒரு மாத்தலால் ஒரு வளையத்தை இரண்டாகப் பிரிக்கலாம், அல்லது இரண்டை ஒன்றாக ஒட்டலாம். 2-இலிருந்து 9-க்குப் போக ஆகக் குறைந்தது 7 பிரிப்பு வேண்டும், ஒன்றுகூட ஒட்டாமல். ஆனால் ஃப்ரை – சொய்ட்பேர்க் வளையத்தை ஒட்டாமல் பிரிக்க அவர்கள் இருவரும் நேரே மாறியே ஆக வேண்டும். அது தடை. ஆகவே 7 முடியாது. 8 இரட்டை எண், குழப்பியது 7 தடவை என்பதால் அதுவும் முடியாது. வெளியாள் எத்தனை பேர் வந்தாலும் இதே கணக்குத்தான். 9 தான் அடி.

#17 லக்சபான_வோல்ட்
கூடுவிட்டுக் கூடு பாயுறதைப் பத்தி நம்ம ஆளுக அப்பவே பாடி வச்சுட்டாங்க, திருமூலர் மூலன் உடம்புல ஏறலையா? மெஷினே தேவையில்ல.

#18 கொட்டகலைக்காரன்
அது வேற கணக்கு. மூலன் செத்துக் கிடந்த இடையன், வெறும் உடம்பு. ஒரு பக்கப் பயணம், எதிர்ப் பக்கம் யாரும் வரல. பெண்டா மெஷின்ல காலி உடம்பே கிடையாது, 9 உடம்புக்கு 9 மனசு எப்பவும் நிக்கும். ஆனா திருமூலருக்கு என்ன ஆச்சு? திரும்பி வந்து பார்த்தா வச்சிட்டுப் போன உடம்பைக் காணோம். பேரேடு எழுதி வைக்காட்டி அப்படித்தான்.

#19 பதுளை_ரோபோ
இழைக்கு வெளிய போகுது, மன்னிச்சுக்குங்க. இந்த ஆளுகளுக்கு எண் பைத்தியம் புதுசு இல்ல. தொடர்ல வர்ற நிம்பஸ் விண்கப்பல்ல எழுதியிருக்கிற 1729 நம்ம கும்பகோணத்து இராமானுஜன் எண்: 1³ + 12³, அதுவே 9³ + 10³. பெண்டர் தொடர் எண் 2716057, அது 952³ − 951³. ஃப்ளெக்ஸோங்கிற இன்னொரு ரோபோவோட எண் 3370318, அது 119³ + 119³. கல்குலேட்டர்ல போட்டுப் பாருங்க.

#20 மூடுபனி
எண்களுக்குத் தனி இழை தொடங்கு தம்பி, அங்க வாறோம். இங்க மாத்தல் மட்டும்.

#21 லயத்து_விஞ்ஞானி
மாத்தலுக்கே வாறேன். ஊவா மிஸ் சொன்ன காரணத்தைப் பிடிச்சு யோசிச்சேன். 9-க்குக் காரணமே ஃப்ரை – சொய்ட்பேர்க் சோடிதான். அவங்க மாறாமலே இருந்திருந்தா 7 பேர் வளையத்தை 6 பிரிப்புல முடிக்க முடியுமான்னு பார்த்தேன். பேரேட்டுல உள்ள எந்தச் சோடியும் திரும்ப வரக் கூடாது. இந்தா:

1. லீலா – ஏமி
2. ஹெர்மீஸ் – ஏமி
3. லீலா – வாளி
4. பெண்டர் – பேராசிரியர்
5. லீலா – பெண்டர்
6. பெண்டர் – சக்கரவர்த்தி

வெளியாள் யாருமே இல்ல.

#22 சைபர்_கங்காணி
கோப்பையில போட்டேன். 2-ல ஹெர்மீஸும் ஏமியும் வீடு. 3-ல வாளி. 4-ல பேராசிரியர். 5-ல லீலா. 6-ல பெண்டரும் சக்கரவர்த்தியும். பழைய 7 சோடியில ஒண்ணுகூட இல்ல. சரி. முறை மட்டும் மாறக் கூடாது. 5-ஐ 4-க்கு முன்னாடி செய்தா லீலாவும் பேராசிரியரும் ஒருத்தருக்குள்ள ஒருத்தர் மாட்டிக்குவாங்க, அந்தச் சோடி 3-ஆம் நம்பரா பேரேட்டுல ஏற்கனவே இருக்கு.

#23 டின்கப்
அப்ப லீலாகிட்ட கோவிச்சுக்கிட்டு ஃப்ரை போய் சொய்ட்பேர்க் உடம்புல ஏறினதுதான் 6-ஐ 9 ஆக்கிச்சு. வாளிக்குள்ள கிடக்கட்டும், கடைசி வரைக்கும்.